கதவை அளந்த பிறகுதான் அலுமாரி

அலுமாரிக்கு ஆர்டர் எடுக்க வந்த தச்சு பாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலிலேயே குந்தி, டேப்பை இழுத்துக் கதவு நிலையின் அகலத்தை அளந்தார். "எங்க வைக்கிறதுன்னு அப்புறம் பாப்போம்க்கா. மொதல்ல உள்ள வருமான்னு பாக்கணும்" என்றார். பிறகு முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று, காம்பரா என்கிற அறைக்குள் நுழைந்து திரும்ப எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண்ணாலேயே கணக்குப் போட்டார். கடைசியாக ரோட்டிலிருந்து ஏறிவரும் படிகளை எட்டிப் பார்த்து, எத்தனை என்று கேட்டார். நாற்பத்தெட்டு. அதையும் சிகரெட் அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொண்டார்.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், நான் பார்த்தது இது. கொழும்பில் ஒருவர் தன் வீட்டுக்கென்று ஆர்டர் கொடுத்துத் தளபாடம் செய்கிறார் என்றால், கையில் காசு இருக்கிறது, ரசனையும் இருக்கிறது என்று அர்த்தம். மலையகத்தில் அப்படி இல்லை. இங்கே அது பெரும்பாலும் வேறு வழியில்லாமல் செய்வது. கடையில் நிற்கும் அலுமாரி இங்குள்ள அறைக்கும் பொருந்தாது, பாதைக்கும் பொருந்தாது, மழைக்கும் பொருந்தாது. இந்த மூன்றுக்கும் நடுவே வழி கண்டுபிடிப்பதுதான் மலையகத்துத் தச்சு பாஸின் தொழில். மர வேலை அதற்குப் பிறகுதான்.

முதலில் அறை. பழைய லயத்துக் காம்பரா என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு. அந்த 120 சதுர அடிக்குள் ஒரு கட்டில், துணிமணி, சாமிப்படம், டிவி, படிக்கிற பிள்ளைக்கு ஒரு மேசை, இரவில் கீழே பாய் விரிக்க இடம் எல்லாம் வேண்டும். கடை அலுமாரி இரண்டு கதவும் விரியத் திறக்க முன்னால் இரண்டடி கேட்கும். அந்த இரண்டடி இங்கே ஒரு ஆள் படுக்கும் இடம். அதனால் பாஸ் ஒற்றைக் கதவு வைப்பார், அல்லது தள்ளுகதவு. கட்டிலுக்கு அடியில் லாச்சி, அதாவது இழுப்பறை, வரும். மேசைக்குச் சுவரில் கீல் அடித்து, படித்து முடித்ததும் மடக்கித் தொங்கவிடும்படி செய்வார். இந்திய வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் கட்டிய 550 சதுர அடி வீடுகளுக்குக் குடிபோனவர்கள் முதலில் கேட்டது மூன்று கதவு அலுமாரியும் சோபா செட்டியும்தான். பாவம், எத்தனை வருட ஆசை! ஆனால் அந்த வீடுகளிலும் படுக்கை அறைக்கு வாசல் ஒன்றுதான், அதுவும் அகலமானதில்லை.

பாதையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மலையில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். லொறி ரோட்டோடு நின்றுவிடும், மிச்சம் தோளில்தான். ஆறடி அலுமாரியை முழுதாகத் தூக்கிக்கொண்டு தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் திரும்ப முடியாது. அதனால் இங்கே நல்ல பாஸ் செய்யும் அலுமாரி மேல், கீழ், பக்கம், முதுகு என்று கழன்று வரும். கட்டிலுக்கும் நான்கு போல்ட். இதை யாரும் ஒரு டிசைனாகச் சொல்லிக்கொள்வதில்லை. வெளிநாட்டுக் கம்பனிகள் இதையே பெட்டியில் அடைத்து விற்றுப் பணக்காரர் ஆகிவிட்டன.

இந்தத் தொழிலின் பேச்சைக் கவனித்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. அலுமாரி, மேசை, கதிரை, ஜன்னல், உட்காரும் வாங்கு, இத்தனையும் போர்த்துக்கேயன் விட்டுப்போன சொற்கள். காம்பராவும் அவனுடையதுதான். லாச்சி, இஸ்தோப்பு, ஏன், 'பாஸ்' என்ற பட்டமே ஒல்லாந்தருடையது. கட்டிலும் பலகையும் நம்முடையவை. படுக்க ஒன்று, உட்கார ஒன்று என்று முன்னோர் திருப்தியாக இருந்திருக்கிறார்கள் போல.

லயத்து மனிதர்கள் வெகுகாலம் அந்த இரண்டோடுதான் இருந்தார்கள். மூன்றாவதாக ஒன்று இருந்தது, தேயிலைப் பெட்டி. ஏற்றுமதித் தேயிலை காகிதச் சாக்குக்கு மாறும் வரை பிளைவுட் பெட்டியில்தான் போனது. உள்ளே மினுங்கும் தாள், விளிம்பெல்லாம் தகரப் பட்டி. உடைந்த பெட்டியோ மிஞ்சிய பெட்டியோ லயத்துக்கு வந்தால் அதுதான் அலுமாரி, அதுதான் அரிசிப் பெட்டி, கவிழ்த்துப் போட்டால் படிக்கிற மேசை. தகரப் பட்டியில் முழங்கால் கிழிந்த தழும்பு என் வயதுக்காரர்கள் பலருக்கு இருக்கும். பிளைவுட்டுக்கு மரம் தேடித்தான் 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜ காட்டுக்குள் இயந்திரம் இறங்கியது. எதிர்ப்பு கிளம்பி 1977 இல் அது நின்றது. 1988 இல் யுனெஸ்கோ அந்தக் காட்டை உலக மரபுரிமையாக அறிவித்தது.

சரி, மரத்துக்கு வருவோம். மலைநாட்டில் எங்கே பார்த்தாலும் மரம். ஆனால் பாஸ் கைநீட்டி வெட்டக்கூடிய மரம் ஒன்றும் இல்லை. தோட்டத்து மரம் தோட்டத்துக்குச் சொந்தம். இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசாங்கம் 1990 இல் நிறுத்திவிட்டது. வீட்டுக் கொல்லையில் நிற்கும் பலாவைக்கூட நினைத்தபடி சாய்க்க முடியாது. பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று 1951 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பஞ்ச காலத்தில் சோறு போடுகிற மரங்கள் என்பது காரணம். நல்ல காரணம்தான். ஆனால் கொண்டுபோகப் பேர்மிட் இல்லாத பலாப் பலகையோடு ரோட்டில் மாட்டினால் அந்தக் காரணத்தைக் கேட்டு ஆறுதல்பட முடியாது.

எனவே மரம், அதை அறுத்து விற்கும் மரக்காலையிலிருந்து வருகிறது. அங்கே வருவதில் பெரும்பகுதி கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் வளர்ந்தது. பலா, மஹோகனி, கினிசப்பு, கொஞ்சம் தேக்கு. முதிரை வறண்ட பகுதி மரம். அதில் ஒரு கட்டில் செய்யச் சொன்னால் பாஸ் முதலில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பலா அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு நாளாவட்டத்தில் தேன் நிறத்துக்கு வந்து, பிறகு பழுப்பாகும். புதுக் கதிரையின் மஞ்சளைப் பார்த்து முகம் சுளிக்கும் வாடிக்கையாளரிடம் "ரெண்டு வருசம் பொறுங்க" என்பதுதான் வழக்கமான பதில்.

தேயிலைக்கு நிழலாக நட்ட சவுக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சவுக்கு என்றால் கடற்கரையில் நிற்கும் ஊசியிலை மரம். இங்கே சவுக்கு என்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறொரு மரம், தமிழ்நாட்டில் சில்வர் ஓக் என்று சொல்வார்களே, அதுதான். சிங்களத்திலும் அது சபுக்கு ஆகிவிட்டது. இளக்கமான மரம், இழைக்க எளிது, விலையும் குறைவு. அதனால் அதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் அடிமரத்தைக் கால்பங்காகப் பிளந்து, வயிரத்திலிருந்து பட்டைக்குப் போகும் திசையில் அறுத்துப் பாருங்கள். பலகை முழுக்கச் சரிகை பின்னியதுபோல ஒரு மினுமினுப்பு வரும். என்னைக் கேட்டால் மலைநாட்டில் கிடைக்கும் பலகைகளில் அழகானது அதுதான். இரண்டு குறை. ஒன்று, மரத்தைத் துளைக்கும் உளு சீக்கிரம் பிடிக்கும், போரிக் மருந்தில் ஊறவைக்காமல் பாவித்தால் கட்டிலுக்குக் கீழே மாவு கொட்டத் தொடங்கும். இன்னொன்று, அதன் தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கையெல்லாம் தடித்து அரிக்கும். அந்த உடம்புக்காரர் பட்டறையில் இருந்தால் சவுக்கு ஆர்டர் எடுக்கவே மாட்டார்கள்.

டர்பன்டைன் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸ் மரத்தைப் பலகையாக்குவது இன்னொரு வகைத் தலைவலி. வேகமாக வளர்ந்த மரம், உள்ளே இறுக்கம் அதிகம். வெட்டிச் சாய்த்த உடனேயே நுனியில் நட்சத்திரம்போல வெடிக்கும். வாள் ஓடும்போதே பலகை வில்லாக வளையும். அவசரமாக வெயிலில் போட்டால் உள்ளே நொறுங்கிச் சுருங்கிவிடும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் அது நல்ல மரம்.

மரக்காலையில் மரத்துண்டை அளக்கும் கணக்கு வெள்ளைக்காரன் காலத்தது. நடுவில் கயிற்றைச் சுற்றி, சுற்றளவை நாலாக வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்றளவு 48 அங்குலம், நீளம் பத்தடி என்றால் கால்பங்கு 12 அங்குலம், அதாவது ஒரு அடி. ஆக 10 கன அடி. உருண்டை மரத்தின் உண்மையான கன அளவு பன்னிரண்டே முக்காலுக்குக் கிட்ட வரும். மிச்சமான இரண்டே முக்காலைப் பட்டைக்கும் ஓரச்சிராய்க்கும் தூளுக்கும் என்று ஆதியிலேயே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் அறுத்து, காயவைத்து, வெடித்த நுனியை வெட்டி, கணுவைத் தள்ளி, இழைத்து முடிக்கும்போது பாஸின் கையில் பத்து இருப்பதில்லை. விலை சொல்லும்போது "இவ்வளவா?" என்று கேட்பவர்களுக்குத் தெரியாத கணக்கு இது. வாங்குகிறவர் அலுமாரியில் இருக்கும் பலகைக்கு மட்டும் காசு கொடுப்பதாக நினைக்கிறார். அடுப்பில் எரிந்த பலகைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

இனி மழை. இந்தத் தொழிலின் பாதி அறிவு இங்கேதான் இருக்கிறது. பச்சை மரம் காயும்போது அதன் எடையில் ஈரம் முப்பது வீதத்துக்குக் கீழே இறங்கியதும் சுருங்கத் தொடங்கும். எவ்வளவு காயும் என்பதை நம் விருப்பம் தீர்மானிப்பதில்லை, சுற்றியுள்ள காற்று தீர்மானிக்கிறது. காற்றின் ஈரப்பதன் 80 வீதம் இருந்தால் மரத்தில் ஏறத்தாழ 16 வீதம் ஈரம் தங்கும். 90 வீதம் என்றால் இருபது. ஒரு அங்குலப் பலகை காய ஒரு வருடம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆனால் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டரைத் தாண்டி மழை கொட்டுகிறது. அங்கே மூன்று வருடம் அடுக்கி வைத்தாலும் அந்தக் காற்று விடுகிற அளவுக்குத்தான் பலகை காயும். இதே நாளில் பண்டாரவளையில் கதை வேறு. ஜூன், ஜூலையில் தென்மேற்கு மழை ஹட்டனை நனைத்துக்கொண்டிருக்கும்போது ஊவாப் பக்கம் மண்வாரி அடிக்கும் வறட்டுக் காற்று. ஐம்பது அறுபது மைலுக்குள் இரண்டு காலநிலை, ஒரே பலகைக்கு இரண்டு அகலம்.

கொழும்பிலிருந்து ஒருவர் சாப்பாட்டு மேசைக்கு ஆர்டர் கொடுத்தால் அந்தப் பாஸ் கேட்கும் முதல் கேள்வி, "வீட்ல ஏசி இருக்கா?" மரியாதைக்காகவோ வசதியைத் தெரிந்துகொள்ளவோ கேட்பதில்லை. ஹட்டனில் 16 வீத ஈரத்தோடு இருக்கும் மேசைப் பலகை, ஏசி அறையில் மெதுவாக 9 வீதத்துக்கு இறங்கும். மரம் நீளவாட்டில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். அகலத்தில்தான் சுருங்கும். சாதாரணமாக அறுத்த பலகை ஒவ்வொரு வீத ஈரத்துக்கும் அகலத்தில் கால் வீதம் குறையும் என்று வைத்துக்கொண்டால், முப்பது அங்குல மேசை கிட்டத்தட்ட அரை அங்குலம் ஒடுங்கிவிடும். பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு இறுக்கித் திருகாணி முடுக்கியிருந்தால் போகும் இடமில்லாமல் நடுவில் பிளக்கும். இரவில், சுட்டதுபோல ஒரு சத்தத்தோடு. அதனால் சட்டத்தில் திருகாணிக்கு வட்டத் துளை போடாமல் நீளத் துளை போடுகிறார்கள், பலகை தன்பாட்டில் நகர்ந்துகொள்ளட்டும் என்று. கதவின் நடுப்பலகையையும் பசை போட்டு ஒட்டமாட்டார்கள். சட்டத்தின் காடிக்குள் சும்மா சொருகி விடுவார்கள். தட்டிப் பார்த்தால் லேசாக ஆடும். அதைக் குறையென்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

ஆணியை இந்த ஊரில் பாஸ்மார் அவ்வளவாக நம்புவதில்லை. ஈரத்தில் ஆணி துருப்பிடிக்கும், துவர்ப்புள்ள மரத்தில் சுற்றிலும் கறுத்துவிடும், இரண்டு மாரிக்குப் பிறகு பிடி விடும். ஒரு கட்டையின் முனையை நாக்குபோலச் செதுக்கிக் கழுந்தாக்கி, மற்றதில் குழி குடைந்து சொருகி, குறுக்கே ஒரு மரமுளை அடித்தால் மழைக்காலத்தில் ஊதி இன்னும் இறுகும். உடுநுவரவில் எம்பக்கே தேவாலயத்தைப் பார்க்கப் போகிறவர்கள் தூண்களில் உள்ள அன்னத்தையும் மல்லர்களையும் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அண்ணாந்து பார்க்க வேண்டும். கம்பளை அரசு காலத்து, பதினான்காம் நூற்றாண்டுக் கூரை. 26 கைமரங்கள் வந்து குவியும் இடத்தில் அவற்றை ஒரே ஒரு பெரிய மரமுளை பிடித்து நிற்கிறது. மடோல் குருப்பாவ என்று அதற்குப் பெயர்.

பொலிஷ் போடுவதற்கும் வானத்தைப் பார்க்க வேண்டும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பொலிஷ் ஆகட்டும், லக்கர் ஆகட்டும், பனி மூட்டமான நாளில் அடித்தால் ஈரம் படலத்துக்குள் மாட்டிக்கொண்டு பால் தெளித்ததுபோல வெளுத்துவிடும். பிறகு சுரண்டி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். "நாளைக்குத் தாறேன்" என்று பாஸ் மூன்று முறை சொல்வதில் ஒரு முறையாவது பழி வானத்துடையது. மற்ற இரண்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இத்தனைக்கும் சந்தையில் பாஸின் எதிரி வேறு பாஸ் இல்லை. தவணைக்கு வரும் பலகைத்தூள் அலுமாரிதான். எங்கள் வீட்டிலும் ஒன்று வந்தது. அம்மா மாதாமாதம் கட்டி முடித்தார். பளபளவென்று வெள்ளை, கண்ணாடி வைத்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை, மேலே மெல்லிய தாள். முதல் மாரியில் அடி விளிம்பு ரொட்டிபோல ஊதியது. கீல் திருகாணி பிடிக்க உள்ளே ஒன்றும் இல்லை, கதவு ஒரு பக்கமாகத் தொங்கியது. கடைசித் தவணை கட்டிய மாதம் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டோம். கடைக்காரரிடம் கேட்டால் வீட்டில் ஈரம் என்றார். மலையில் வேறென்ன இருக்கும்?

ஆனால் அம்மாமீது பிழை சொல்ல முடியாது. தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது 2021 இல், அடிப்படை 1,350 ஆனது 2024 இல். அந்த வருமானத்தில் மர அலுமாரிக்கு ஒரேயடியாகக் காசு எடுத்து வைப்பது நடக்கிற காரியமில்லை. பாஸிடம் தவணைத் திட்டமும் இல்லை. மரக்காலை கடன் கொடுக்காது, அதனால் அவர் அட்வான்ஸ் கேட்பார். அட்வான்ஸ் தீபாவளி முற்பணத்தோடு வரும். இல்லாவிட்டால் வெளிநாட்டில் வேலை செய்யும் மகள் அனுப்பும் காசில் வரும். எனவே ஆர்டர்கள் வருடம் முழுக்கப் பரவி வருவதில்லை. தீபாவளிக்கு முன் ஒரு குவியல், தைக்குப் பிறகு கல்யாண சீசனில் இன்னொரு குவியல். பெண்ணுக்குச் சீராகப் போகும் அலுமாரி, கட்டில், கண்ணாடி மேசை மூன்றும் முகூர்த்த நாளுக்குப் போயே ஆக வேண்டும். அந்த வாரத்தில் பட்டறையில் யாரும் தூங்குவதில்லை.

2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி எல்லாரையும் போலவே இவர்களையும் உலுக்கியது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய்ச் சொச்சம், மே மாதம் 360. மரம் உள்ளூர் என்றாலும் கீல், பூட்டு, திருகாணி, பசை, தின்னர், வாள் பிளேட், சாண்ட் பேப்பர் அத்தனையும் இறக்குமதி. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வேறு. கையால் இழைக்கத் தெரிந்த பழைய பாஸ்மார் மூலையில் கிடந்த இழைப்புளியைத் தீட்டி எடுத்தார்கள். மெஷினில் மட்டும் பழகிய பையன்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கொழும்புக்குப் போனார்கள், இன்னும் திரும்பவில்லை.

பழக வரும் பையன்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். குறைப்பட்டுக்கொள்ளும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மூடிய பட்டறையில் வருடக்கணக்காக மரத்தூளைச் சுவாசிக்கிறார்கள். மரத்தூள் மூக்குப் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995 இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. முகமூடி போட்ட பாஸ் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. வட்டவாளில் விரல் நுனி போனவர்களை எண்ணத் தொடங்கினால் கைவிரல் போதாது, அவர்களுடையதும் சேர்த்து. என்விகியூ என்ற தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தால் வெளிநாட்டு வேலைக்கு உதவும் என்று சிலர் அதை எடுக்கிறார்கள். இருபது வருடம் வேலை செய்தவர், நாற்காலி மூட்டு ஒன்றைச் செய்து காட்டிப் பரீட்சையில் சித்தியடைவதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

எல்ல, நுவரெலியா ஹோட்டல்களும் காட்டேஜ்களும் இப்போது கொஞ்சம் வேலை கொடுக்கின்றன. போனில் ஒரு படம் வரும், ஏதோ குளிர்தேசத்து வீட்டுப் படம், "இதேபோல" என்று ஒரு வரியோடு. துரைமார் பங்களாவில் கிடந்த, கைப்பிடி நீண்டு கால் தூக்கிப் போட வசதியான சாய்மனைக் கதிரையையும் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் அதைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் பழைய ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அளவெடுக்கிறார்கள். அந்த வேலைக்குக் காசு நன்றாக வரும். ஆனால் ஹோட்டல் அறைக் கதவுகள் அகலம், வாசல் வரை வாகனம் போகும். மூளைக்கு வேலை லயத்து ஆர்டரில்தான் என்று பாஸ் சொன்னார். அவர் சும்மா சொல்லவில்லை என்று அந்த நாற்பத்தெட்டுப் படி அலுமாரியைப் பார்த்தபோது தெரிந்தது.

ஏழு துண்டாக வந்தது. நாலு பேர், இரண்டு நடை. சுவரோடு ஒட்டாமல் மூன்று விரல் தள்ளி நிறுத்தினார்கள், பின்னால் காற்று ஓட. கால்களுக்கு அடியில் ரப்பர் வெட்டி வைத்தார்கள், சிமெந்துத் தரை ஈரம் குடிக்கும் என்பதால். கதவு இரண்டு பக்கமும் கொஞ்சம் தாராளமாகவே இடைவெளி விட்டிருந்தது. வீட்டுக்கார அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. எலி போகும்போல இருக்கிறதே என்றார். "இப்ப மாசியில காஞ்சு கெடக்குக்கா. மழ வந்தா மூடிக்கிரும்" என்றார் பாஸ். மிச்சக் காசில் ஆயிரம் ரூபாயை அக்கா பிடித்து வைத்துக்கொண்டார்.

ஜூன் நடுவில் ஒருநாள், மழைக்கு நடுவே, யூரியா பேக்கில் இழைப்புளியைச் சுற்றிக்கொண்டு பாஸ் படியேறி வந்தார். இடைவெளி மூடியிருந்தது. மேல் மூலை மட்டும் கொஞ்சம் உரசியது. கதவைக் கழற்றி நாலு இழுப்பு இழைத்து, மறுபடி மாட்டி, ஒரு விரலால் தள்ளி மூடிக் காட்டினார். அக்கா தேத்தண்ணியோடு அந்த ஆயிரத்தையும் கொண்டுவந்து கொடுத்தார்.